ஓய்வு என்று சொல்லும்வரை

ஓவிய வகுப்பு நடக்கும் கட்டடம் பள்ளியோடு ஒட்டாமல் மேட்டின் மேல் தனியாக நின்றது. ஒரு காலத்தில் அது சிறிய தேவாலயம். பாடுவதற்கு ஆள் குறைந்து, பிரசங்கமும் நின்றுபோன பிறகு பள்ளி அதை வாங்கியது. பலகை இருக்கைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு நாற்காலிகளையும் சாய்வுப் பலகைகளையும் போட்டார்கள். உயரமான சன்னல்களை மட்டும் மாற்றவில்லை. அவற்றின் வழியே பார்த்தால் கழிமுகம் தெரியும். நீர் வடிந்த நேரத்தில் சேறு மட்டும். நீர் ஏறிய நேரத்தில் கடல்.

இலையுதிர்கால விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, மாரெட் எல்லோருக்கும் கடைசியாக அந்த மேட்டில் ஏறினாள். மழையில் படிகள் கறுத்திருந்தன. கதவைத் தள்ளியதும் எண்ணெய்க் கணப்பின் சூடும், டர்பன்டைன் நெடியும், நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் சேர்ந்து முகத்தில் மோதின. அதே வாசனை. அதே கரித்தூள் படிந்த தரை. எதிரெதிராக ஜோடி ஜோடியாகப் போட்ட அதே நாற்காலிகள்.

எதுவும் மாறவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"வாடி, வாடி," என்றாள் காடி, தன் இடத்திலிருந்தே. "ஏன் பேயைப் பார்த்தவ மாதிரி வாசல்லயே நிக்கிற?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. காடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வகுப்பில் யாரோ இருமினார்கள். எல்லோருடைய கண்ணும் ஒருமுறை சன்னலோரம் போய்த் திரும்பியது.

சன்னலோரத்தில் மாரெட்டின் நாற்காலி. அதற்கு எதிரே தெக்வெனின் நாற்காலி. தெக்வெனைப் புதைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. அவளுடைய வரைபுத்தகம் மற்றவர்களுடையதோடு சுவர்த்தட்டில் இன்னும் இருந்தது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

பியூ சாரின் வகுப்பு இப்படித்தான். திங்கட்கிழமை கரும்பலகையில் அந்த வாரத்துக்கான பயிற்சியை எழுதுவார். வெள்ளிக்கிழமை எல்லா வரைபுத்தகங்களும் கூடைக்கு வந்துவிட வேண்டும். இடக்கையால் வரை. கோடு அறாமல் வரை. தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்து வரை. வாரத்துக்கு ஒன்று. அழிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பான கோடு அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் சரியான கோட்டைப் போடு என்பார்.

ஜோடியாக ஒருவரை ஒருவர் வரையும் பயிற்சிக்குத் தனி விதி உண்டு. உட்கார்ந்திருப்பவர் அசையக் கூடாது, பேசக் கூடாது. வரைபவர் "ஓய்வு" என்று சொன்னால்தான் எழலாம். வேறு யார் சொன்னாலும் எழக் கூடாது. பிறகு இடம் மாற வேண்டும். உட்கார்ந்தவர் வரைவார், வரைந்தவர் உட்காருவார்.

தெக்வெனைப் போல உட்கார அந்த வகுப்பில் ஆள் கிடையாது. கைகளை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்தாள் என்றால் மூச்சு விடுகிறாளா என்று சந்தேகம் வரும். பையன்கள் அவளைக் 'கல்லு' என்று கூப்பிட்டார்கள். அவள் அதற்கும் சிரிப்பாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். சின்னக் கத்தியால் பென்சில் சீவும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். சீவல் அறுபடாமல் ஒரே சுருளாக விழும்.

அவளுடைய முறை மட்டும் வரவே வராது. மாரெட் மெதுவாக வரைவாள். முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

"அடுத்த வாரம் நீ வரைஞ்சுக்கோ," என்பாள் மாரெட்.

"பரவால்ல," என்பாள் தெக்வென்.

தெக்வெனின் வரைபுத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம், எல்லோரும் எழுந்து கிளம்பும்போது அவசரமாகப் போட்ட மாரெட்டின் தலையின் வெளிக்கோடு மட்டும் இருந்தது. உள்ளே முகமில்லை.

அன்று பியூ சார் கரும்பலகையில் எழுதாமல் நின்றபடியே பேசினார். "இந்த வாரம் சும்மா ஒரு நாற்காலி. காலி நாற்காலி. ஆனா நாற்காலியை வரையக் கூடாது. அதைச் சுத்தி இருக்கிற வெற்றிடத்தை மட்டும் வரைங்க. கால்களுக்கு நடுவுல இருக்கிற இடம், முதுகுக் கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற இடம். அதையெல்லாம் கரியால நிரப்பினா, நாற்காலி தானா வெள்ளையா எழுந்து நிக்கும்."

"காத்தை வரையச் சொல்றார்," என்று காடி முணுமுணுத்தாள். "சம்பளமும் காத்தாவே குடுத்துடலாம்."

"காதுல விழுது, காடி."

மாரெட்டுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி தயாராக இருந்தது.

*

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை மெதுவாக நகர்ந்தது. பரிமாறும் மேசைக்குப் பின்னால், தலைமுடியை வலைக்குள் அடக்கிக்கொண்டு அன்வென் நின்றாள். தெக்வெனின் அம்மா. அவள் இவ்வளவு சீக்கிரம் வேலைக்குத் திரும்புவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

மாரெட் தட்டை நீட்டினாள். அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வாம்மா. இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வெச்சுக்கோ. எப்படி இளைச்சுப்போயிட்ட!" அன்வெனின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "நீதானே கண்ணு அவளோட ஜோடி?"

"ஆமா, ஆன்ட்டி."

"வீட்டுலயும் என்னை உட்கார வெச்சு வரைவா. அவ 'ஓய்வு'ன்னு சொல்ற வரைக்கும் மூக்கைக்கூட சொறியக் கூடாது. அடுப்புல குழம்பு தீய்ஞ்சாலும் எந்திரிக்க விடமாட்டா." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னிக்குக் காலைல அவளை ரொம்பத் திட்டிட்டேன். கோட்டுல பித்தான் அறுந்து கெடக்கு, இப்படியேவா வெளிய போவன்னு. ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா. அந்தக் கோபத்துலதான் அந்தப் பழைய துறையில போய் உட்கார்ந்தாளா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா, கண்ணு?"

பின்னால் வரிசை காத்திருந்தது. உருளைக்கிழங்கிலிருந்து ஆவி எழுந்து மாரெட்டின் முகத்தை நனைத்தது.

"இல்ல, ஆன்ட்டி. நான் அன்னிக்கு அவளைப் பாக்கவே இல்ல."

போலீஸ்காரரிடம் சொன்ன அதே வார்த்தைகள். முதல் முறையைவிட இந்த முறை சுலபமாக வந்தன.

*

அவள் பார்த்திருந்தாள்.

விடுமுறைக்கான பயிற்சி 'ஓர் இடம், அதில் ஓர் ஆள்'. தனித் தாளில் வரைந்து வர வேண்டும். கழிமுகத்துக்குள் நீண்டு கிடக்கும் பழைய படகுத்துறையை, ஒரு காலத்தில் சுண்ணாம்பு ஏற்றி இறக்கிய இடத்தை, மாரெட்தான் தேர்ந்தெடுத்தாள். படகுகள் அங்கே வருவதை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. நீர் வடிந்திருக்கும்போது அதன் முனைவரை நடந்து போகலாம்; நீர் ஏறினால் மூழ்கிவிடும். முனையில் கயிறு கட்டும் கல் ஒன்று இருந்தது. தெக்வென் அதன் மேல் உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். கோட்டில் நடுப் பித்தான் இல்லை. அந்த இடைவெளியில் காற்று புகுந்து துணி படபடத்தது.

அதற்கு முந்தைய வாரம் வகுப்பில் தெக்வென் ஒரு தடவை தும்மிவிட்டாள். நெற்றிக் கோடு கெட்டுப்போன ஆத்திரத்தில் மாரெட் எல்லோர் முன்னாலும் கத்தினாள். "சும்மா உட்காரக்கூடத் தெரியல, நீயெல்லாம் எதுக்குடி லாயக்கு?" தெக்வென் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

அதனால்தான் துறையில், "இந்தத் தடவை அசைய மாட்டேன், பாரு," என்று அவளாகவே சொன்னாள். "ஆனா இன்னிக்கு நானும் வரைவேன். சரியா?"

"சரி, சரி. நான் சொல்ற வரைக்கும் அசையாதே."

குளிரில் மாரெட்டின் விரல்கள் விறைத்தன. பாதி வரைந்திருந்தபோது கைபேசியில் காடியின் அழைப்பு வந்தது. சதுக்கத்தில் எல்லோரும் இருக்கிறார்களாம், சிப்ஸ் சூடாக இருக்கிறதாம். மாரெட் நிமிர்ந்து பார்த்தாள். கல்லின் மேல் இன்னொரு கல்லைப் போலத் தெக்வென் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம்தான் இப்படியே இருப்பாள் என்று பார்க்கலாமே என்று தோன்றியது. சீக்கிரம் திரும்பிவிடலாம். அவளுக்கும் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கி வரலாம்.

சத்தமில்லாமல் எழுந்து போனாள்.

சிப்ஸும் வாங்கினாள். திரும்பி வரும்போது மூடுபனி இறங்கிவிட்டது. துறை தெரியவில்லை. துறை இருந்த இடத்தில் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. வீட்டுக்குப் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வினிகர் ஊறிய பொட்டலத்தை மதிலுக்குப் பின்னால் எறிந்துவிட்டு நடந்தாள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். 'ஓய்வு' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை.

தெக்வெனைக் கண்டெடுத்த படகுக்காரர்கள் அதைப் பற்றி வெளியே பேசவில்லை. ஆனாலும் காடிக்குத் தெரிந்திருந்தது. காடிக்கு எல்லாம் தெரிந்திருக்கும். "உட்கார்ந்த மாதிரியே இருந்தாளாம்டி," என்றாள். "கையை முழங்கால்ல வெச்சபடியே."

*

புதன்கிழமை வகுப்பில் மாரெட் காலி நாற்காலியைச் சுற்றி இருந்த வெற்றிடத்தை வரைந்தாள்.

கால்களுக்கு இடையே இருந்த இடத்தைக் கரியால் நிரப்பினாள். பக்கங்களை நிரப்பினாள். கரித்துண்டு தாளில் உரசும் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. முதுகுக் கட்டைகளுக்கு வந்தாள். கட்டைகளுக்கு நடுவே பின்சுவரின் இருட்டு தெரிய வேண்டும்.

தெரியவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் கட்டைகளுக்கு நடுவில் நிரப்புவதற்கு இடமே இல்லை. தெரிந்த வெற்றிடங்களை மட்டும் நிரப்பினாள். பியூ சார் சொல்லிக்கொடுத்தபடி, கை தயங்காமல், பார்த்ததை மட்டும்.

பியூ சார் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சை உள்ளிழுத்தது அவளுக்குக் கேட்டது.

"மாரெட். நான் காலி நாற்காலியைத்தான் கேட்டேன்."

தாளில் கரிக்கு நடுவே வெள்ளையாக எழுந்து நின்றது நாற்காலி அல்ல. ஒல்லியான தோள்கள். கொஞ்சம் சாய்ந்த தலை. முழங்காலில் வைத்த கைகள்.

"கிழிச்சிடட்டுமா சார்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வேணாம்மா," என்றார் மெதுவாக. "எல்லாருக்கும்தான் அவ ஞாபகமா இருக்கு. இருக்கட்டும்."

ஆறுதல் சொன்னதாக நினைத்து அவர் நகர்ந்துவிட்டார்.

வீட்டில், சாப்பாட்டுக்கு முன், மாரெட் பழைய பயிற்சி ஒன்றை எடுத்தாள். மனம் அடங்க அது நல்லது என்று சார் சொல்லியிருந்தார். தாளைப் பார்க்கவே கூடாது. இடக்கையை மேசைமேல் வைத்து, அதை மட்டும் பார்த்துக்கொண்டே வலக்கையால் வரைய வேண்டும். கீழே சமையலறையில் அம்மா வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரங்களின் சத்தம். வெங்காயம் வதங்கும் வாசனை.

கட்டை விரலின் வளைவைக் கண்ணால் தொட்டாள். பென்சில் நகர்ந்தது. நகம். மடிப்பு. மணிக்கட்டு.

வெங்காய வாசனை எப்போது போனது என்று தெரியவில்லை. இப்போது அறையில் சேற்று வாடை அடித்தது.

பென்சில் நிற்கவில்லை. மணிக்கட்டைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. அவள் பார்வை தன் கையின் மேலேயே இருந்தது. தாளைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பார்த்தாள்.

தாளில் இரண்டு கைகள் இருந்தன. இரண்டும் முழங்கால்களின் மேல். கோட்டின் கைப்பகுதி கனத்துத் தொங்கியது. அதற்கு மேலே கோட்டின் முன்பக்கம். மேலே ஒரு பித்தான். கீழே ஒரு பித்தான். நடுவில் பித்தான் இல்லை.

"மாரெட்!" அம்மா கீழிருந்து கத்தினாள். "மேல என்னடி தண்ணியைக் கொட்டின? கூரைல ஒழுகுது!"

மேசைக்கு அப்பால், எதிர்ப்பக்கத்து நாற்காலிக்கு அடியில், தரைப்பலகை நனைந்து மின்னியது.

*

வியாழக்கிழமை அன்வென் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். சாப்பாட்டுக் கூடத்தின் பின்கதவுக்கு வெளியே, குப்பைப் பெட்டிகளின் ஓரம். அன்வென் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும்.

"நாளைக்கு வேலை முடிஞ்சதும் மேல வந்து அவ புத்தகத்தை எடுத்துக்கலாம்னு சார் சொல்லிருக்கார். தனியா அந்த இடத்துக்குப் போகப் பயமா இருக்கு. நீ இருப்பியா, கண்ணு?"

"இருக்கேன், ஆன்ட்டி."

"ராத்திரி தூக்கமே வரல. ஒரு பித்தான். தெச்சுக் குடுத்திருந்தா முடிஞ்சுபோற வேலை. அதை விட்டுட்டுக் கத்துனேன். என்னாலதான் போயிட்டான்னு..." மாரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவும் சோப்பும் மணக்கும் கை.

சொல்லிவிடலாம். உங்களால் இல்லை என்று சொல்லிவிடலாம். நான்தான் உட்கார வைத்தேன், எழச் சொல்லாமல் போனேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கின் நுனிவரை வந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. அம்மாவின் முகம். காடியின் வாய். ஊர் முழுக்க.

"நான் போகணும், ஆன்ட்டி. மணி அடிச்சிருச்சு."

மணி அடித்திருக்கவில்லை.

அன்று வகுப்பில் எதிர் நாற்காலியைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. எளிமையான யோசனை. தெக்வென் எதற்காகக் காத்திருக்கிறாள்? ஒரு சொல்லுக்கு. அதை வரைந்தவள்தான் சொல்ல வேண்டும். பாதியில் விட்ட படத்தை முடித்து, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவள் எழுந்து போய்விடுவாள். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு என்ன நடக்கும் என்பதும் அதே விதியில் இருந்தது. மாரெட் அதை யோசிக்கவில்லை. அவளுக்கு அது ஒருபோதும் நடந்ததில்லை.

*

வெள்ளிக்கிழமை எல்லோரும் புத்தகங்களைக் கூடையில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

"சார், விடுமுறைப் பயிற்சி கொஞ்சம் பாக்கி இருக்கு. முடிச்சுட்டுப் போகட்டுமா?"

"அன்வென் வராங்க. அவங்க வர்ற வரைக்கும் இரு. சாவியை அவங்ககிட்டயே குடுத்திருக்கேன்." பியூ சார் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "ரொம்ப நேரம் உட்காராதே, கண்ணு கெட்டுடும்."

கதவு சாத்திக்கொண்டது. மேட்டிலிருந்து இறங்கும் பிள்ளைகளின் சத்தம் தேய்ந்து நின்றது. குளிர்காலம் நெருங்கினால் அந்த ஊரில் பொழுது மதியத்தோடு கிட்டத்தட்ட முடிந்துவிடும். சன்னல்களில் சாம்பல் நிற வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கழிமுகத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்தது.

மாரெட் பாதிப் படத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். துறை. கல். அதன் மேல் தலையும் தோளும். மற்றது வெறும் தாள்.

எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

நாற்காலியை வரையாதே. சுற்றி இருக்கும் இடத்தை வரை.

தோளுக்குப் பக்கத்து வெற்றிடத்தை நிரப்பினாள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த சின்ன முக்கோண இருட்டு. முழங்காலுக்குக் கீழே. கை தடையில்லாமல் ஓடியது. இவ்வளவு நன்றாக அவள் ஒருபோதும் வரைந்ததில்லை. கணப்பு எரிந்துகொண்டிருந்தும் அவள் வாயிலிருந்து வெண்புகையாக மூச்சு வந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

கடைசி வெற்றிடத்தையும் நிரப்பினாள்.

படம் முடிந்தது. கல்லின் மேல் தெக்வென் முழுதாக உட்கார்ந்திருந்தாள்.

மாரெட் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஓய்வு," என்றாள்.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது. நெடுநேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் எழும்போது வரும் சத்தம்.

ஈரத் துணியின் சலசலப்பு. ஓர் எட்டு. இன்னோர் எட்டு. தரையில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி, சன்னலோரமாக, அவளைக் கடந்து, சுவர்த்தட்டுப் பக்கம் போயின.

மாரெட் கண்களை மூடிக்கொண்டாள். போகிறாள். கதவைத் தாண்டிப் போய்விடுவாள். முடிந்தது.

தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவும் சத்தம் கேட்டது.

தடங்கள் திரும்பி வந்தன.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. மாரெட் கண்களைத் திறந்தாள். பக்கங்கள் தாமாகப் புரண்டன. முகமில்லாத வெளிக்கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு போயின. வெற்றுப் பக்கம் வந்ததும் நின்றது. பிறகு மரத்தைக் கத்தி சீவும் மெல்லிய சத்தம். நிதானமாக, அறுபடாமல்.

காதருகே அல்ல, எதிரிலிருந்துதான் அந்தக் குரல் வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதைப் போல.

"இப்ப என் முறை."

ஓட வேண்டும் என்று மாரெட் நினைத்தாள். அவள் கைகள் அவளைக் கேட்காமல் முழங்கால்களுக்குப் போயின. முதுகு நிமிர்ந்தது. முகவாய் கொஞ்சம் உயர்ந்து நின்றது.

அதன் பிறகு எதுவும் அசையவில்லை.

பென்சில் தாளைத் தொட்டது.

*

அன்வென் விளக்கைப் போட்டபோது வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் கண்ணு இருட்டுல உட்கார்ந்திருக்க? பயமுறுத்திட்டியே என்னை."

மாரெட் அசையவில்லை. கண்கள் மட்டும் அன்வெனைப் பார்க்கத் துடித்தன. அவையும் எதிர் நாற்காலியை விட்டு நகரவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடத் தயாராக இருந்தாள். அம்மா, காடி, ஊர், எதுவும் இப்போது பெரிதில்லை. உதடுகள்தான் திறக்கவில்லை.

உட்கார்ந்திருப்பவர் பேசக் கூடாது.

"மாரெட்? உடம்புக்கு என்னம்மா?" அன்வென் அருகில் வந்தாள். காலில் ஈரம் பட்டுக் குனிந்தாள். மாரெட்டின் காலணிகளிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எதிர் நாற்காலியில் திறந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

மகளின் புத்தகம். மகளின் கோடுகள். ஆயிரம் கோடுகளுக்கு நடுவிலும் அவளால் அவற்றை அடையாளம் காண முடியும்.

படத்தில் கைகளை முழங்காலில் வைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முகம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பின்னல், அந்தக் காலர், எல்லாம் மாரெட்தான். அவள் உட்கார்ந்திருந்தது நாற்காலியில் அல்ல, கயிறு கட்டும் கல்லில். பின்னால் துறையும் மூடுபனியும். கரையோரத்தில், தூரத்தில், முதுகைக் காட்டி நடந்து போகும் ஒரு சின்ன உருவம். அதற்கும் அதே பின்னல்.

அன்வென் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளில், கணுக்காலின் உயரத்தில், குறுக்காக ஒரு கோடு மெதுவாக விழுந்தது. நீர்மட்டம்.

அவள் கத்தவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். பிறகு மாரெட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"நீதான் அவளை உட்கார வெச்சியா?"

மாரெட்டின் கண்ணில் நீர் பெருகியது. அன்வெனுக்கு அது போதுமானதாக இருந்தது.

கணப்பின் எண்ணெய் தீர்ந்து சுடர் இருமுறை துள்ளி அணைந்தது. அன்வென் கையை எதிர் நாற்காலியின் முதுகில் வைத்தாள், சமையலறையில் மகளின் தோளில் வைப்பதைப் போல.

"இன்னும் முடியலையாம்மா?" என்றாள் கிசுகிசுப்பாக.

பென்சில் ஒரு கணம் நின்றது.

"சரி. அவசரப்படாம வரை."

அவள் விளக்கை அணைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

*

மாரெட்டை அன்று மாலையே அவள் அப்பா தேடி வந்து தூக்கிக்கொண்டு போனார். இப்போது அவள் மாவட்ட மருத்துவமனையில், சன்னல் உள்ள நீண்ட அறையில் உட்கார்ந்திருக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். படுக்க வைத்தாலும் விடிவதற்குள் எழுந்து நாற்காலிக்கு வந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொள்கிறாள். எதிரே இன்னொரு நாற்காலி இருக்க வேண்டும். அதை எடுத்தால் மூச்சுத் திணறுகிறது. மருத்துவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அன்வென் வருகிறாள். உலர்ந்த காலுறைகள் கொண்டுவருகிறாள். மாரெட்டின் பாதங்களைத் துண்டால் துடைத்து, மாற்றிவிடுகிறாள். செவிலியர்கள் அவளை நல்லவள் என்கிறார்கள். சொந்த மகளைப் பறிகொடுத்தவள், இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்கிறாளே என்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தை அன்வென் மறுநாள் போய் எடுத்து வந்தாள்; இப்போது அது அவள் வீட்டில் இருக்கிறது. அவள் அதை யாருக்கும் காட்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறாள்.

"இந்த வாரம் தண்ணி இடுப்பு வரைக்கும் வந்திருக்கு, கண்ணு," என்று குனிந்து மாரெட்டின் காதில் சொல்கிறாள். "முகம் இன்னும் போடல. போதும்மா, விட்டுடுன்னு நான் சொல்லிப் பாக்கலாம். வரைஞ்சவதான் சொல்லணும்னு தெரியும். ஆனா என் பேச்சை அவ தட்ட மாட்டா." ஈரக் காலுறைகளைப் பிழிகிறாள். "நான் இன்னும் சொல்லல."

அவள் போன பிறகு தரையைப் பெருக்க வந்த பணிப்பெண் எதிர் நாற்காலிக்கு அடியில் குனிந்தாள்.

"யாருங்க இந்த அறையில பென்சில் சீவுறது? தினமும் கூட்டுறேன், தினமும் கெடக்குது."

அவள் விரல்களில் தொங்கிய சீவல் நீளமாக, ஒரே சுருளாக, எங்கும் அறுபடாமல் இருந்தது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.